வாசற்படி ஏறாத மொழி

கராச்சர்மா,
12.10.2010

அன்புள்ள காவேரிக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். டெல்லியில் மகள் வரலாறு படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நேற்று உன் பெரியம்மா மகன் ரவிசங்கர் வாய்தவறிச் சொல்லிவிட்டான். நீ படிப்பது ஜப்பான் பாஷையாமே!

உன் தாத்தா நல்லதம்பி போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் தையல்காரர். ஜப்பான்காரன் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது, உளவாளி என்று சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அப்போது நான் வயிற்றில். உடம்பும் வரவில்லை, சேதியும் வரவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியாதா? அவன் பாஷையில் நம் வீட்டுக்குத் தெரிந்த ஒரே சொல் சுனாமி. அதில் உன் அம்மா போய்விட்டாள். அது போதாதா?

படிப்பை மாற்று. அந்தப் பாஷை என் வாசற்படி ஏறக்கூடாது. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா,
கண்ணையா

டெல்லி,
24.10.2010

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆத்திரம் தீரத் திட்டுங்கள். படிப்பை மட்டும் மாற்றமாட்டேன். தாத்தாவைக் கொண்டுபோனவர்களிடம் நம் வீட்டில் ஒருவராவது கேள்வி கேட்க வேண்டாமா? எந்தப் பாஷையில் கேட்பது?

போன மாதம் வகுப்பில் அவர்களுடைய நிலாப் பண்டிகை கொண்டாடினோம். புரட்டாசிப் பௌர்ணமிக்கு அரிசிமாவை உருண்டை பிடித்து நிலாவுக்குப் படைக்கிறார்கள். உப்புமில்லை, இனிப்புமில்லை. நம் கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் நிற்காது!

ஒரு சேதி. எங்கள் ஆசிரியையின் ஊர்க்காரர் ஒருவர், மோரி என்று பெயர், எண்பத்தாறு வயது. போரின்போது போர்ட் பிளேரில் சிப்பாயாக இருந்தவர். இறந்துபோன தோழர்களைக் கும்பிட ஜனவரியில் அங்கே வருகிறார். மொழிபெயர்க்க நானும் வருகிறேன். அவரை நம் வீட்டுக்கு அழைத்து வரட்டுமா?

உங்கள் காவேரி

கராச்சர்மா,
8.11.2010

காவேரி,

அரே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? அவன் ஆட்களைக் கும்பிட இவ்வளவு தூரம் வருவான். நம் ஆளுக்கு யார் கும்பிட்டது? அவனோடு வருவதாக இருந்தால் டவுனிலேயே தங்கிக்கொள். இந்தப் பக்கம் வராதே.

கண்ணையா

கராச்சர்மா,
3.1.2011

காவேரிக்கு,

தூக்கமே பிடிக்கவில்லை. என் அம்மா சாகும்வரை பூவும் பொட்டுமாகவே இருந்தாள். புருஷன் செத்துவிட்டார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே! அவள் இருந்தவரை நான் அப்பாவுக்குத் திதி கொடுக்கவில்லை. அவள் போன பிறகு கேட்டால், எந்தத் திதி என்கிறார் ஐயர். ஆடியில் கொண்டுபோனார்கள் என்பது தெரியும். எத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது தெரியாது. தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறதே என்றார். எல்லார் அப்பாவுக்கும் சொந்தமாய் ஒரு நாள் இருக்க, என் அப்பாவுக்கு மட்டும் ஊர்ப்பொது நாளா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

அந்த ஜப்பான்காரனிடம் ஒன்றே ஒன்று கேள். தையல்காரர் நல்லதம்பி எந்த நாளில் போனார்? அவன் மன்னிப்பு கேட்டால், எனக்காக நீ வாங்கிக்கொள்ளாதே.

அப்பா

போர்ட் பிளேர்,
18.1.2011

அன்புள்ள அப்பாவுக்கு,

ரவிசங்கர் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கேட்டுவிட்டேன். நல்லதம்பி என்ற பெயர் அவருக்கு நினைவில்லை. அபர்தீன் பஜார் தையல்காரர் என்றதும் முகம் மாறிவிட்டது. தன் தொப்பியைத் தைத்துக் கொடுத்தவர் என்றார். தேதி தெரியாதாம். ஆனால் தாத்தா போன அன்று முகாமில் நிலாவுக்கு அரிசிமாவு உருண்டை படைத்தார்களாம். புரட்டாசிப் பௌர்ணமி, அப்பா. ஐயரிடம் சொல்லுங்கள்.

மன்னிப்பும் கேட்டார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

எப்படி நடந்தது என்பதையும் சொன்னார். முழுக்கச் சொன்னார், நானும் முழுக்கக் கேட்டேன். அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். தமிழில் சொல்லமாட்டேன். நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும் அப்பா, அந்தப் பாஷை நம் வாசற்படி ஏற வேண்டாம்.

நாளைக் காலை அவரை விமானத்தில் ஏற்றிவிட்டு பஸ் பிடிக்கிறேன். தனியாகத்தான் வருகிறேன். சோறு வைத்திருங்கள்.

காவேரி