கவனமில்லாத எட்டுப் பேர்

டிசம்பர் 18, வியாழன்

குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. வாஷர் மாற்ற ஆள் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று. எங்கள் வீட்டுக்காரர் வாய் திறந்து ஒன்று கேட்டார். சாயங்காலம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, குளிரில் வெண்ணெய் ஏன் இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல "ம்" வரும் என்று பார்த்தால், "எங்கயாவது மலைப்பக்கம் போயிட்டு வரலாமா?" என்றார்.

கத்தி அப்படியே கையில் நின்றது. "யார் யாரு?" என்று கேட்டேன்.

"நாம ரெண்டு பேரு மட்டும்."

நகராட்சி அலுவலகத்தில் காலமெல்லாம் வரைபடம் வரைந்தவர். வீட்டில் சொந்தமாக ஒரு கோடு போட்டு நான் பார்த்ததில்லை. ஓட்டலில்கூட "நீயே சொல்லேன்" என்பார். உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணச் சூடுதான்.

நாம ரெண்டு பேரு மட்டும். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 6, செவ்வாய்

பெட்டி கட்டியாயிற்று. பள்ளி ஆய்வகத்தில் அமிலத்துக்கு ஒரு அலமாரி, காரத்துக்கு ஒரு அலமாரி என்று வைத்திருப்பேன். எந்தப் பிள்ளையும் தேடித் திண்டாடியதில்லை. அதே முறைதான் இங்கேயும். இருவருடைய கம்பளித் துணிகளும் பச்சைப் பெட்டியில். இருவருடைய சாதாரணத் துணிகளும் கறுப்புப் பெட்டியில். பச்சை அவர் பெயரில், கறுப்பு என் பெயரில்.

"ஆளுக்கு ஒரு பெட்டியா கட்டிக்கிட்டா என்ன?" என்றார்.

"அதுல ஒரு முறை இல்லீங்க."

"ம்."

அவருடைய செல்போன், சார்ஜர், மாத்திரை எல்லாம் என் கைப்பையில். அவரிடம் இருந்தால் தொலைத்துவிடுவார். இதுவரை எதையும் தொலைத்ததில்லை. ஆனால் தொலைக்கக்கூடிய முகம்.

ஜனவரி 9, வெள்ளி. மதியம்

முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கிவிட்டது. இந்தப் பெரிய நிலையத்தில் மாறி ஏற வேண்டும். மலையில் பனிமூட்டமாம், அடுத்தது தாமதம். பலகையில் நேரம் மாறுகிறது. கொஞ்சம் கழித்து மறுபடி மாறுகிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தேர்வு முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி.

இருக்கைகளும் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால், அவருக்குக் கடைசியில். அவருடைய போர்டிங் பாஸை மட்டும் அவர் கையில் கொடுத்து வைத்தேன். மனிதருக்கு ஏதாவது ஒரு பொறுப்பு வேண்டாமா?

அதே நாள். இருட்டியபின்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நடந்தது இது. பக்கத்து நாற்காலியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். நல்ல உருண்டையான ஆள், மடி நிறைய பிஸ்கட் பொட்டலம். "மேல வெயில் அடிக்குதுங்கறான், கீழ பனிங்கறான். எவன் சொல்றது உண்மை?" என்று பொதுவாகப் புலம்பினார். பொதுவாகத்தான் புலம்பினார். என்னைக் கேட்கவில்லை.

ஆனால் என் கையில் சூடான டீ இருந்தது. மூக்கில் கண்ணாடி இருந்தது. இரண்டும் கைவசம் இருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது? கண்ணாடியைக் கழற்றி டீக்கு மேலே பிடித்தேன். "இப்ப பாருங்க, என்ன ஆகுது?"

ஒரு பல் டாக்டரம்மா திரும்பினார். பிறகு இன்னும் சிலர். "கழிவறைக்குப் போயிட்டு வர்றேன்," என்று எங்கள் வீட்டுக்காரர் எழுந்தார். தலையாட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈரப்பதத்தில் இருந்தேன்.

பாடம் நன்றாகப் போயிற்று. மறைப்பானேன், ஓய்வு பெற்றபின் இவ்வளவு நல்ல வகுப்பு அமையவில்லை. நடுவில் ஒலிபெருக்கி கரகரத்தது. "இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன்," என்றேன். அது எங்கள் விமானம் வேறு வாசலுக்கு மாறிவிட்டது என்ற அறிவிப்பு.

பிறகு மறுபடியும் கரகரத்தது. "யார் யார் பேரையோ கூப்பிடறாங்க டீச்சர்," என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"கவனமில்லாத ஜனங்க. நாம பாடத்துக்கு வருவோம்."

எட்டுப் பெயர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பெயர் முதலாவது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தால் ஹாலில் நாங்கள் எட்டுப் பேர்தான். விமானம் போய்விட்டது. அவர் அதில் இருக்கிறார்.

ஆமாம். அவர் ஏறிவிட்டார். கழிவறையில் அறிவிப்பு தெளிவாகக் கேட்டிருக்கும்.

கவுண்டர் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எட்டுப் பேரும் ஒரே இடத்துலதானே உக்கார்ந்திருந்தீங்க? ஒருத்தர் காதுலகூடவா விழல?"

ஜவுளிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர் பாடம் எடுத்தாங்க மேடம்," என்றார். பாவி, அப்படியே காட்டிக்கொடுத்துவிட்டார்.

என் கறுப்புப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பச்சைப் பெட்டி அவரோடு போயிற்று. மலையில் அவருக்கு மாற்றிக்கொள்ள ஒரு சட்டை கிடையாது. இங்கே எனக்குப் போர்த்திக்கொள்ள ஒரு துண்டுக் கம்பளி கிடையாது. நல்ல முறை.

என்னைத் தேடாமலா ஏறினார்?

ஜனவரி 10, சனி

நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ். பல் டாக்டரம்மாவும் நானும் ஒரே அறை. அறையில் ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். அவருடைய முழுக்கைச் சட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்கு நாளைக்குத்தான் இடம்.

காலையில் கைப்பைக்குள் அவர் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தேன். "சொல்லுங்க. அவர் ஊர்ல இல்லீங்க, வெளியூர் போயிருக்காரு," என்றேன்.

"தெரியும்," என்றது அந்தப் பக்கம். "நான்தான் பேசறேன்."

மலையில் விடுதிக்காரரிடம் போன் வாங்கி, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைப் போட்டிருக்கிறார். அது அவருடைய சொந்த எண்.

"எங்க இருக்க?"

"இங்கயேதான். நீங்க சாப்பிட்டீங்களா? குளிருதா?"

"குளுரு இருக்கு. என் ஸ்வெட்டர் பத்தல, மேல உன் பூப்போட்ட ஸ்வெட்டரையும் போட்டிருக்கேன். கொஞ்சம் டைட்டு. ஆனா..." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். "நல்லா இருக்கு இங்க."

நல்லா இருக்காம். நான் இல்லாமல்! வைத்தபிறகுதான் தோன்றியது. மாத்திரை எங்கே என்று கேட்கவில்லை. விடுதிக்கு எப்படிப் போனேன் என்று சொல்லவில்லை. நான் இல்லாமல் ஒரு டீ வாங்கிக் குடிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள்.

மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜனவரி 11, ஞாயிறு

விமானம் ரத்து. பனிமூட்டம்.

நான் தொண்டையைக் கனைத்தால் போதும், ஏழு பேரும் எழுந்து பலகையைப் பார்க்க ஓடுகிறார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நாற்காலி போட்டுக்கொண்டார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கு எனக்கு லீவு லெட்டர் குடுத்ததா வச்சுக்குங்க."

ராத்திரி விளக்கணைக்கும் முன் பல் டாக்டரம்மா கேட்டார். "உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பேசுவாரோ?"

"அய்யோ, வாயே திறக்க மாட்டாரு," என்றேன்.

"திறக்க நேரம் குடுத்தாத்தானே," என்றார் அந்த அம்மா. தினமும் பத்துப் பேர் வாயைத் திறக்கச் சொல்கிறவர். அனுபவம் பேசுகிறது. எனக்குக் கோபம். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

ஏறினோம். பறந்தோம். மலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தோம். இறங்கினோம். அதே ஊர், அதே லாட்ஜ், அதே ஜன்னல்.

விடுமுறையில் இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம்.

ஜனவரி 13, செவ்வாய்

வந்து சேர்ந்தேன்!

விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் பூப்போட்ட ஸ்வெட்டர், தலையில் என் ஊதாக் குல்லா. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு அடைத்துக்கொண்டது. அவரே பெட்டியை வாங்கி, அவரே வண்டி பேசி, முன்னால் நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நடந்தது இதுதான் முதல் தடவை. முதுகில் பின்னல் பிரிந்திருக்கிறது.

வழியெல்லாம் அவருக்கு வணக்கம். டீக்கடை அம்மா, "ஸ்வெட்டர் சார், வந்துட்டாங்களா?" என்று கத்தினார். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க," என்று இவர் பதிலுக்குக் கத்தினார். கத்தினார்!

வண்டியிலேயே கேட்டுவிட்டேன். "என்னைத் தேடாம எப்படிங்க ஏறினீங்க?"

"தேடறதா? எங்க போனாலும் நீதானே முன்னாடி நிப்ப. நீ முதல் ஆளா ஏறி உக்கார்ந்திருப்பன்னு நினைச்சேன். கடைசி சீட்டுலேர்ந்து எட்டிப் பார்த்தேன், முன்னாடி ஒரு கொண்டை தெரிஞ்சுது. நீதான்னு நிம்மதியா தூங்கிட்டேன். இறங்கினப்புறம் பார்த்தா வேற யாரோ கொண்டை."

நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. மனிதரிடம் ஒரு குறையும் இல்லை. கொண்டைதான் குறை.

ஜனவரி 14, புதன்

இருந்த ஒரே முழு நாள். கெடுத்திருப்பேன். மயிரிழையில் தப்பினேன்.

விடியலில் ஏரிக்குக் கூட்டிப்போனார். தண்ணீரிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை, ஏதோ அவரே ஏற்பாடு செய்த மாதிரி. "ஏன் ஆவி வருதுன்னு தெரியுமா? அடியில வெந்நீர் ஊத்து இருக்கு. அதான்."

"தப்பு," என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிற்று. "ஊத்தெல்லாம் வேண்டாம். தண்ணி காத்தைவிட லேசா சூடா இருந்தாலே போதும். இப்ப ஒரு கப் டீயை எடுத்துக்கங்க..."

"ம்," என்றார்.

அந்த "ம்"-ஐ எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் தினமும் கேட்கிறதுதான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். எரிந்துகொண்டிருக்கிற விளக்கை ஊதி அணைத்த மாதிரி, கண் முன்னாலேயே. வண்டியில் அவ்வளவு பேசினவர். டீக்கடைக்காரியிடம் கத்தினவர். கரையோரம் நடந்தோம். நான் பாடத்தை முடிக்கவில்லை.

ஒரு வாத்து ஒற்றைக் காலில் நின்றது. நான் நின்றேன். "அது ஏங்க அப்படி நிக்குது?"

சந்தேகமாகப் பார்த்தார். பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்திருப்பார். "உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

கொஞ்ச நேரம் வாத்தையே பார்த்தார். "அந்தக் காலுக்கு இன்னிக்கு லீவு. நாளைக்கு இந்தக் காலுக்கு."

எனக்குக் காரணம் தெரியும். ரத்தக் குழாய், வெப்ப இழப்பு, படம் வரைந்து பாகம் குறிக்கிற அளவுக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், இன்னும் வலிக்கிறது.

"அப்படியா!" என்றேன்.

அவ்வளவுதான். இருட்டும் வரை பேசினார். எந்த வீட்டு ஓடு எந்த வருடம் மாற்றியது, எந்தத் தெரு வளைந்து எதில் சேர்கிறது, நகராட்சியில் ஒரு முறை பூங்காவையே தலைகீழாக வரைந்து கையெழுத்தும் வாங்கிவிட்டது. இதெல்லாம் இத்தனை வருடம் எங்கே இருந்தது? பாதி தப்பு. எல்லாம் நன்றாக இருந்தது.

ஜனவரி 15, வியாழன்

மலை நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்ன நிலையம், மொத்தம் இரண்டு வாசல். பெட்டிகளை இந்தத் தடவை ஆளுக்கு ஒன்றாகக் கட்டியிருக்கிறோம். திரும்பும் விமானம் தாமதம். பனிமூட்டம். வேறென்ன?

அதே நாள். பிறகு

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என் கையில் டீ. மூக்கில் கண்ணாடி. இரண்டையும் அவர் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பனிமூட்டம் எதனாலங்க வருது?" என்று கேட்டேன்.

நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "மேகம் இருக்கே, அதுக்கு உடம்பு கனம். மலை ஏறும்போது மூச்சு வாங்கும். சித்த உக்கார்ந்துட்டுப் போலாம்னு கீழ இறங்கும். உக்கார்ந்த இடம்தான் பனிமூட்டம். காலையில எழுந்து போயிடும். ஒரு நாளைக்கு மட்டும் எழுந்திருக்க மனசே வராது..."

ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் விமானம். இரண்டாம் வாசல். எனக்குக் கேட்டது. முழுதாக, தெளிவாகக் கேட்டது. சுற்றியிருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டி மேகத்தை நடக்கவைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

மறுபடியும் கரகரத்தது. இந்தத் தடவை பெயர்கள். இரண்டே இரண்டு பெயர்கள்.

அவர் நிறுத்தினார். "யாரையோ கூப்பிடறாங்களோ?"

"யாரோ கவனமில்லாதவங்க," என்றேன். "நீங்க சொல்லுங்க. மேகம் உக்கார்ந்துச்சு. அப்புறம்?"

ஜனவரி 16, வெள்ளி

விடுதியில் அதே அறை கொடுத்தார்கள். அடுத்த விமானம் ஞாயிற்றுக்கிழமைதான். மகளிடம் தாமதம் என்று சொன்னேன். பொய் இல்லை. யாருக்குத் தாமதம் என்று அவள் கேட்கவில்லை.

டீக்கடை அம்மா எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மறுபடியுமா!" என்றார்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவர் கேட்டார். "நெஜமாவே உனக்கு நம்ம பேரு காதுல விழலையா?"

"ம்," என்றேன்.