காப்பர்மில்லின் முதல் அணி

2024 செப்டம்பர் 21, சனி

மழை. பதினைந்து பேர் ஆடவேண்டிய ரக்பி ஆட்டத்துக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள். எதிரணியினர் பாவம் பார்த்துத் தங்கள் ஆட்களில் இரண்டு பேரைக் கொடுத்தார்கள். அப்படியும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. எங்கள் சட்டையில் நன்றாக ஆடியவன் அந்த இரவல் பையன்களில் ஒருவன்தான். நானே இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஐம்பத்துநான்கு வயது முழங்கால் சிரித்தது.

வீட்டில் மனைவி கல்யாணி என் முகத்தைப் பார்த்ததுமே, "போதும் லா. முப்பது வருஷமா அந்தக் கிளப்புக்கு உழைச்சாச்சு. இனி வேற யாராவது பார்க்கட்டும்" என்றாள்.

வேறு யார்?

அக்டோபர் 12, சனி

ஆண்கள் அணியை லீக்கிலிருந்து விலக்கிக்கொண்டோம். போட்டிச் செயலாளர் என்பதால் மின்னஞ்சலை நான்தான் அனுப்பினேன். மூன்றே வரி. அதை எழுத ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

1922இல் லண்டனின் வாண்டில் ஆற்றங்கரை ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் இது. போர்க்காலத்தில் மைதானம் முழுக்க உருளைக்கிழங்கு போட்டார்களாம். போர் முடிந்ததும் மண்ணை மட்டமாக்கி மறுபடி கோல் கம்பம் நட்டார்கள். எழுபதுகளில் சனிக்கிழமைதோறும் ஐந்து அணிகள் ஆடின. 92இல், சிரம்பானிலிருந்து வந்த மாணவனாக நான் சேர்ந்தபோதுகூட நான்கு. பள்ளியில் ரக்பி ஆடியிருக்கிறேன் என்றதும் டெரிக் என் தோளை அமுக்கிப் பார்த்து, "ஸ்க்ரம்முக்கு நடுவில் நிற்பாயா?" என்றார்; இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் இடம் அது. பெயரை அப்புறம்தான் கேட்டார். எந்த ஊர் என்று கேட்கவேயில்லை. லண்டனில் அப்படி ஒருவரை அன்றுதான் சந்தித்தேன்.

அந்த டெரிக்தான் இப்போது தலைவர். எழுபத்தெட்டு வயது. இன்று தொலைபேசியில், "பக்கத்து கிளப் நம்மைச் சேர்த்துக்கொள்ளத் தயார். அவர்களுடைய மூன்றாவது அணி நம் மைதானத்தில் ஆடும். காப்பர்மில் என்ற பெயர் இருக்காது" என்றார்.

சரி என்றேன். உண்மையில் ஒரு நிம்மதிதான் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

திங்கள்கிழமைகளில் வாடகைக்கு வரும் கால்பந்துக்காரர்கள் மைதான விளக்கு எரியவில்லை என்று முறையிட்டதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தேன். வேனிலிருந்து இறங்கியது ஒரு தமிழ்ப் பெண். முப்பதுக்குள் இருக்கும். கோசிகா என்று பெயர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது பாரிஸ் புறநகரில். நான்கு வருடமாகத் தாயுடன் மோர்டனில் இருக்கிறாள்.

வேலை முடிந்ததும் கிளம்பாமல் கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், நான் பாரிஸில எட்டு வருஷம் ரக்பி விளையாடினனான். இஞ்ச பொம்பிளையளுக்கு டீம் இருக்கோ?"

"இல்லம்மா. இப்போ ஆம்பளைங்களுக்கே இல்ல."

"அப்ப கிரவுண்ட் சும்மாதானே கிடக்குது?"

ஓர் அலமாரியில் பந்து இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 7, வியாழன்

கோசிகா தொடங்கிய பயிற்சிக்கு நான்கு பெண்கள். குளிர். ஒருத்திக்குப் பந்தைப் பின்னால்தான் எறியவேண்டும் என்பதே தெரியாது.

நவம்பர் 28, வியாழன்

ஒன்பது பேர்! தோர்ண்டன் ஹீத் கடைகளிலும், அப்டன் பார்க் வரைக்கும் போய் அங்கேயும் கோசிகா நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாள். வந்தவர்களில் பஸ் ஓட்டுநர் ஒருத்தி, போலந்து நர்ஸ் இருவர், ஷோபா என்றொரு பல் மருத்துவ உதவியாளர். "நான் பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை" என்று சொல்லிக்கொண்டே ஷோபா மூன்று சுற்று ஓடினாள்.

பழைய ஆட்கள் சிலர் கிளப் மதுக்கூடத்திலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது — எனக்கு ஏன் வரவேண்டும்? இணைப்புக்குச் சம்மதித்தவன்தானே நான்?

2025 ஜனவரி 19, ஞாயிறு

கோசிகாவின் அம்மா நகுலேஸ்வரி தொலைபேசியில் பிடித்துவிட்டார். என் நம்பரை எங்கே எடுத்தாரோ.

"தம்பி, நீங்களும் பிள்ளை குட்டிக்காரர்தானே? மூக்கு உடைஞ்சா ஆர் பொறுப்பு? பகல் முழுக்க ஏணியில நிக்கிற பிள்ளை. கை போச்செண்டா தொழிலும் போச்சு. நீங்கள் சொன்னாக் கேப்பாள். நிப்பாட்டச் சொல்லுங்கோ."

ஒரு தாய் கேட்பதில் என்ன தவறு? கை உடைந்தால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது என்றேன். "ஒருமுறை ஆட்டத்தைப் பார்க்க வாங்க. அப்புறமும் வேணாம்னு நினைச்சா நீங்களே சொல்லுங்க."

"நான் வரமாட்டன்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் ஆட்டம். நட்பு ஆட்டம்தான். எங்களிடம் பதினான்கு பேர். எதிரணியும் ஒருத்தியை வெளியே உட்காரவைத்துப் பதினான்காகவே ஆடியது.

நகுலேஸ்வரி வந்தார். கறுப்புக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார். முதல் ஐந்து நிமிடத்திலேயே கோசிகா விழுத்தப்பட்டாள்.

"ஐயோ, காலைப் பிடிச்சு விழுத்துறாளவை! ரெஃபரி பாத்துக்கொண்டு நிக்கிறார்!"

"பிடிக்கலாம்மா. கழுத்தைத்தான் பிடிக்கக் கூடாது."

"அப்ப இவள் ஏன் பிடிக்கேல்லை?"

அடுத்த முறை கோசிகா பிடித்தாள். தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய பெண்ணை இடுப்போடு சேர்த்துச் சாய்த்தாள். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பயமா, சிரிப்பா, தெரியவில்லை.

57–5 என்று தோற்றோம். அந்த ஐந்து புள்ளி ஷோபாவுடையது. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால்தான் அந்த ஐந்து கிடைக்கும். கடைசி நேரத்தில் பந்து தற்செயலாகக் கைக்கு வந்தது; எடுத்துக்கொண்டு ஓடினாள், ஓடினாள், கோட்டைத் தாண்டியும் நிற்காமல் வேலி வரைக்கும் போய்விட்டாள். பந்தைத் தரையில் ஊன்று என்று பதிமூன்று பேரும் நானும் கத்தினோம். மூச்சு வாங்கத் திரும்பி வந்து ஊன்றினாள். எங்கள் மைதானத்தில் ஊன்றும் பகுதி வேலி வரைக்கும் நீள்வதால் ரெஃபரி ஒப்புக்கொண்டார்.

போகும்போது நகுலேஸ்வரி என்னருகே வந்தார். "அந்தப் பெரிய பிள்ளையை ஏன் ரெண்டு பேராச் சேந்து பிடிக்கேல்லை? நீங்கள் சொல்லிக் குடுக்கிறேல்லையோ?"

ஏப்ரல் 3, வியாழன்

இணைப்பு பற்றிய பொதுக்கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. பல வருடம் எட்டிப்பார்க்காத பழைய வீரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பெண்கள் பின்வரிசையில், பயிற்சி முடித்த சேற்றோடு.

பக்கத்து கிளப்பின் பிரதிநிதி மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் வரலாற்றை மதிப்பதாகச் சொன்னார். "ஆனால் இன்று உங்களிடம் ஓர் அணிகூட இல்லை, அதுதான் நிலைமை" என்றார்.

கோசிகா எழுந்தாள். ஆங்கிலம் அவளுக்கு மூன்றாவது மொழி. சொற்களைத் தேடித் தேடிப் பேசினாள்.

"இந்த அறையில் பதினெட்டுப் பேர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். உங்களுக்கு எத்தனை பேர் இருந்தால் அது ஓர் அணி?"

பிரதிநிதியின் கழுத்து சிவந்தது. டெரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"நான் இந்த இணைப்பைப் பேசி முடித்தவன்" என்றார் கடைசியில். "வேறு வழியில்லை என்று நினைத்தேன். வழி வியாழன்தோறும் என் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் எதிர்த்து வாக்களிக்கிறேன்."

கை தூக்கச் சொன்னபோது என் கையும் எதிர்ப்பவர்களோடுதான் உயர்ந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்படி நினைத்திருக்கவில்லை. நாங்கள் வென்றோம், வாக்கு வித்தியாசம் அதிகமில்லை. சில பழைய நண்பர்கள் கை கொடுக்காமலே போனார்கள். அது வலிக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

லீக்குக்கு மின்னஞ்சல். காப்பர்மில் பெண்கள் அணியைச் சேர்த்துக்கொள்ளும்படி. இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று ட்விக்கனமில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எண்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். இங்கிலாந்து கனடாவை வென்றது. அணியோடு நானும் கல்யாணியும் போயிருந்தோம். ரக்பியே பிடிக்காது என்பவள் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

இன்று எங்கள் முதல் லீக் ஆட்டம். பார்க்க வந்தது எழுபது பேர் இருக்கும். 22–19 என்று தோற்றோம். மூன்றே புள்ளி! கோசிகா யாரோடும் பேசாமல் வேனில் போய் உட்கார்ந்துவிட்டாள். மார்ச்சில் 57 வாங்கியபோது சிரித்தவள்.

அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

வென்றோம். 31–12. மீதியை நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 13, வியாழன்

பயிற்சியின்போது நான்கு ஆண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். அதில் ஒருவன் லக்‌ஷன், ஷோபாவின் தம்பி. ஆட்டம் பார்க்க ஞாயிறுதோறும் வருகிறவன்.

"அண்ணை, நாங்கள் பதினாறு பேர் சேந்திருக்கிறம். எங்களுக்கும் விளையாட விருப்பம். வியாழக்கிழமை கிரவுண்ட் தர ஏலுமோ?"

"என்கிட்ட கேட்டா? கேப்டன்கிட்ட கேளுங்க."

கோசிகா பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"வியாழன் எங்கட நாள். செவ்வாய் எடுங்கோ. நேரத்துக்கு வாங்கோ."

தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த பருவத்துக்கான லீக் பதிவைத் திறந்து, ஆண்களை இரண்டாம் அணி என்று எழுதினேன்.