மூன்று பிடி கரிசல்

அண்ணே,

இன்று காலை, நீங்கள் தைத்துக் கொடுத்த வெள்ளைப் பாவாடையைத் துவைக்கப் போடுமுன் உதறினேன். கீழ் மடிப்பிலிருந்து கரிசல் மண் பொலபொலவென்று கொட்டியது. நேற்று மாலை திருநகரில் மறுபடியும் நம் பாலே நாட்டியம் நடந்தது. நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை.

கதை உங்களுக்கு மனப்பாடம். சண்டையில் செத்தவனை யாரும் அடக்கம் செய்யக்கூடாது, மீறினால் சாவுதான் என்கிறான் ராஜா. செத்தவனின் தங்கை மீறுகிறாள். தன் கையாலேயே அண்ணன் மேல் மண் போடுகிறாள், அதற்காகவே சாகிறாள். கிரேக்க நாட்டுப் பழங்கதை என்று எங்கள் இயக்குநர் விளக்கியபோது, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, "எந்த நாடா இருந்தா என்னங்க, அண்ணன் அண்ணன்தானே" என்றீர்கள்.

அந்தத் தங்கை நான். முதல் ஒத்திகையில் கால் நுனியில் நின்று, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மண்ணை இழுத்து இழுத்துத் தூவினேன். பிரமாதமாகச் செய்வதாக நினைப்பு வேறு. அளவெடுக்க வந்த நீங்கள் கதவோரம் நின்று சிரித்துவிட்டீர்கள்.

"என்ன தங்கச்சி, அண்ணன் மேல கோலமா போடுற?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே போனதில்லை, எனக்கு என்ன தெரியும் என்று வெடுக்கென்று கேட்டேன். உங்கள் சிரிப்பு நின்றது. உங்கள் அத்தாவை அடக்கம் செய்த நாளைச் சொன்னீர்கள்.

"மூணு பிடிம்மா. கை நிறைய அள்ளணும், குனிஞ்சு போடணும். மூணாவது பிடிக்குக் கை திறக்காது. அம்புட்டுக் கனம்."

அன்றோடு ஆட்டம் மாறியது. கால் நுனியிலிருந்து இறங்கி, முழுப் பாதமும் தரையில் பதிய நின்று மூன்று பிடி போட்டேன். டி. கல்லுப்பட்டியிலிருந்து சாக்கில் மண் வந்தது. வெள்ளைத் துணியில் கரிசலா என்று கொஞ்சம் முணுமுணுத்தீர்கள்.

போன மழைக்காலத்தில், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். உங்களைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி தெருவில் இறங்கியதும் ஆண்கள் பின்னால் நடந்தார்கள். நானும் இரண்டு அடி வைத்தேன். "அடக்கம் பண்ற மையவாடிக்குப் பொம்பளைங்க வர்றதில்லம்மா" என்றார் ஒரு பெரியவர். தன்மையாகத்தான் சொன்னார். நின்றுவிட்டேன். மேடையில் ராஜாவையே எதிர்க்கிறவள், தெருவில் ஒரு தன்மையான சொல்லுக்கு நின்றுவிட்டேன். உங்கள் வீட்டு வழக்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்டுப் பார்க்காத என் மேல்தான்.

நேற்று உங்கள் மனைவி, என் மதினி, முன்வரிசையில் இருந்தார். மூன்றாவது பிடி அள்ளினேன். கை திறக்கவில்லை. இசை என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. பிணமாகக் கிடந்த நடிகர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். இத்தனை நாளும் நான் வெறுமனே நடித்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. பிறகு குனிந்து, போட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் மதினி உள்ளே வந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மூணும் போட்டியா?"

"போட்டேன் மதினி."

"எனக்கும் சேத்துத்தான் போட்டிருக்க" என்று சொல்லி, முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டார்.

காலையில் கொட்டிய மண்ணைக் கூட்டி அள்ளினேன். ஒரு பிடிகூடத் தேறவில்லை. ஆனாலும் கனக்கிறது, அண்ணே.