தார்ப்பாயில் ஜடை முடிச்சு

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே அப்பா, நான், வாலு மூன்று பேரும் இருக்கிறோம், நலமா என்று கேட்டால் இருக்கிறோம் என்பதைத்தான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறேன். என் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே, கம்பி கிழித்ததுதான், தையல் பிரிக்கும்வரை பேனா பிடிக்கக் கூடாதாம், அதனால் வாலுவின் கையை இரவல் வாங்கியிருக்கிறேன். (அண்ணா, கை என்னுடையது, வாய் அம்மாவுடையது. அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் வாய். சொன்னதை மட்டும் எழுதுடி என்று இப்போதே ஒரு குட்டு விழுந்தது. இடது கையிலும் அம்மாவுக்குக் குறி தவறுவதில்லை.) போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் முக்கியமாக எதையாவது எடுத்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

வீட்டுச் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா லாரி ஷெட்டுக்குப் போய் வருகிறார், முழங்கால் வீங்கியிருக்கிறது, மேலே ஏறாமல் கீழே நின்று கயிறு மட்டும் இழுங்களேன் என்றால், ஏறாமல் லோடு கட்டுவது தலை வாராமல் ரிப்பன் கட்டுகிற மாதிரி என்கிறார். மாடி வீட்டுக்காரர் ஒருவழியாக மோட்டாரை மாற்றிவிட்டார், இப்போது தண்ணீரும் வருகிறது, அதைவிட அதிகமாகச் சத்தமும் வருகிறது. வாலு பரீட்சை எழுதியிருக்கிறாள், எப்படி என்று மட்டும் கேட்காதே. (நான் எழுதிய பதில்கள் எல்லாம் சரிதான். அவர்கள்தான் வேறு கேள்வி கேட்டுவிட்டார்கள்.) எனக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் அதே வேலை, டாக்டரம்மா ஊசி போடுவார், நான் பிடித்துக்கொள்வேன். பிடித்துப் பிடித்து இந்தக் கைக்கு எந்த உடம்பு பிழைக்கும் எது பிழைக்காது என்று தெரிந்துபோய்விட்டது, அது ஒன்றும் நல்ல வித்தை இல்லை. நீ போன பிறகு கடைத்தெருவில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு நாய்க்குட்டிக் கடை வந்தது, கண்ணாடிக்குப் பின்னால் வண்ணக் காகிதத் துணுக்குகளைப் பரப்பி அதில் குட்டிகளை உருள விட்டிருப்பார்கள், பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் எல்லாம் மூக்கை அந்தக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே வாங்கியவை ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் மேஜைக்கு வர ஆரம்பித்தன, வயிறு உப்பி, மூக்கு காய்ந்து, பாதத்தில் கம்பி அழுத்திய புண்ணோடு. தூக்கினால் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஊசியை டாக்டரம்மா போட்டுவிடுவார், வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் இனிமேல் வராது என்று சொல்வது என் வேலை.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் சாக்கில் போட்டு ஒரு பெட்டை நாயை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மடி தரையில் இழுபட்டது, பாதிப் பல் இல்லை, பார்த்தால் கிழம், டாக்டரம்மா பார்த்துவிட்டு இதற்கு அப்படி ஒன்றும் வயதாகவில்லை என்றார். கூண்டிலேயே வைத்துக் குட்டி போட வைத்துப் போட வைத்து, இனித் தெம்பில்லை என்றதும் எறிந்துவிட்டார்கள். தரையில் விட்டால் நிற்கத் தெரியவில்லை, பிறந்ததிலிருந்து கம்பிமேல் நின்ற கால், வெயிலில் காய்ந்த கல்லில் வைத்தது போல ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்தது. குரைக்கவும் இல்லை, வாயைத் திறக்கும், வெறும் காற்று வரும். அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று தொண்டையைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா முதலில் முணுமுணுத்தார், இப்போது தன் பழைய சட்டையை அவரே விரித்துப் போடுகிறார். (இன்றுவரை அது வாலை ஆட்டியதில்லை. யாருக்கும். இந்த வீட்டில் ஆடுகிற ஒரே வால் நான்தான்.)

அதிலிருந்துதான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடை வாசலில் அட்டை பிடித்து நிற்க ஆரம்பித்தோம், நான், டாக்டரம்மா, ரிட்டையரான பஸ் கண்டக்டர் ஒருவர், அவர் வளர்க்க வாங்கிய குட்டியும் என் கையில்தான் போனது, பிறகு நம் வாலு இவள். வாங்க வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான், குட்டியோட அம்மாவைக் காட்டச் சொல்லுங்க, காட்டினா வாங்குங்க. அட்டைகளை எழுதுவது இவள் பொறுப்பு, ஒன்றில் நாய் விற்ற காசு குரைக்காதாம், அதனால் நாங்கள் குரைக்கிறோம் என்று எழுதினாள், இன்னொன்றில் ஈன வைத்துப் பிழைப்பது ஈனப் பிழைப்பு என்று. கடைக்காரர் கோபப்படுகிற ஆளே இல்லை. எப்போதும் சிரிப்புதான், எங்களுக்கு நாற்காலி போடச் சொல்லுவார், கண்டக்டருக்குக் குளிர்பானம் அனுப்புவார், உங்களுக்கு வீட்ல வேலை இல்லையாம்மா, பாவம் என்பார். எங்கள் குட்டிகள் வீட்டில் வளர்ந்தவை என்று கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டினார். இவள் தினம் ஒரு குரலில் அந்தக் கடைக்குப் போன் போட்டாள், ஒரு நாள் பேங்க் மேனேஜர், ஒரு நாள் பல் போன தாத்தா, எல்லோருக்கும் ஒரே கேள்வி, குட்டியோட அம்மாவைப் பார்க்கலாமா சார். அவர் கொஞ்ச நாள் வீடியோ அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில், ஏன் பாப்பா, உங்கம்மா இங்க வெயில்ல நின்னு கருகிட்டு இருக்காங்க, வந்து பாத்துட்டுப் போ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். (ஒத்துக்கொள்கிறேன் அண்ணா, அன்று அவருக்குத்தான் கை தட்ட வேண்டும். அதுதான் எரிகிறது.)

நிற்க நிற்க ஊரில் நாலு பேர் பேச ஆரம்பித்து, இப்போது நகரசபையில் விசாரணை வைத்திருக்கிறார்கள், பண்ணைகளில் ஈன வைத்த குட்டிகளைக் கடையில் விற்கலாமா கூடாதா என்று இந்த மாதக் கடைசியில் முடிவு செய்வார்கள். கடைக்காரர் பக்கத்துத் தெரு வீடுகளில் பிறந்தவை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இல்லை, எங்கிருந்தோ வண்டியில் வருகிறது என்பதை நாங்கள் காட்ட வேண்டும். அதனால் கடைக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு சந்து போகிறதே, அங்கே காலையில் கடைகள் திறக்கும் முன்பே போய் நின்றோம். வண்டி வந்தது. மேலே தார்ப்பாய் மூடிக் கயிறு கட்டியிருந்தது. டிரைவர் இறங்கி முதலாளியைக் கூப்பிட உள்ளே போனான். நான் கிட்டே போனேன், கயிற்றின் நுனியைப் பார்த்தேன், பெரியவனே, மிச்சக் கயிறு ஜடையாகப் பின்னி அதன் இழைக்குள்ளேயே செருகியிருந்தது.

அந்த முடிச்சு எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் காலை ஷிப்ட் இருந்தபோது வாலுவுக்கு அப்பாதான் தலை பின்னுவார், (லோடு கட்டுவது போல இழுத்துப் பின்னுவார், பள்ளிக்கூட போட்டோவில் என் புருவம் உச்சந்தலையில் இருக்கும்), அந்தப் பழக்கத்தில் ஷெட்டிலும் மிச்சக் கயிறு காற்றில் அடிக்காமல் பின்னிச் செருக ஆரம்பித்தார். ஜடை முடிச்சு ஜடை முடிச்சு என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள், கற்றுக்கொள்ள ஒருத்தருக்கும் பொறுமையில்லை. மலையைக் கட்டினாலும் அசையாது, நுனி தெரிந்தவன் ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். அதை அவர் சொல்லிக் கொடுத்தது உனக்கும் இவளுக்கும்தான். நான் யோசித்துச் செய்யவில்லை, துணிக்கொடியை அவிழ்க்கிற மாதிரி கை தானாகப் போய் இழுத்துவிட்டது. தார்ப்பாய் சரிந்தது. உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகக் குட்டிகளை அடைத்த கூண்டு, மேல் கூண்டின் அழுக்கெல்லாம் கீழ்க் கூண்டில். ஓரத்துக் கூண்டு சாய்ந்து வந்தது, தாங்கிப் பிடித்தேன், அதில் கிழிந்ததுதான் இந்தக் கை. டாக்டரம்மாவும் இவளும் போட்டோ எடுத்தார்கள். கடைக்காரர் ஓடி வந்தார், அன்றைக்குத்தான் அவர் சிரிக்காத முகத்தைப் பார்த்தேன். அவரைவிட அந்த டிரைவர்தான் வாயைப் பிளந்து நின்றான். எப்படிம்மா அவிழ்த்தீங்க, அங்க லோடு கட்டற பையன் ஒருத்தன் போடற முடிச்சு இது, எங்களால முடியாது, ஒவ்வொரு தடவையும் கத்தியாலதான் அறுக்கறோம் என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கை பட்டு அவிழ்ந்துபோச்சு என்றேன். இத்தனை நாள் வெயிலில் நின்று உண்மை உண்மை என்று கத்தினவள், கேட்டதும் பொய் சொன்னேன்.

பார்சல் கம்பெனியில் லோடு கட்டுகிற வேலை என்றாயே கண்ணா. பார்சல்தான், பொய்யில்லை. முதலில் நான் உனக்காக நிறையச் சொல்லிக்கொண்டேன், பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, மூடிக் கொடுத்ததைக் கட்டியிருப்பான், சத்தம் வராதபோது அவனுக்கு எப்படித் தெரியும் என்று. ஆனால் தார்ப்பாயின் பின்மூலையை நீ மடித்து விட்டுக் கட்டியிருந்தாய். காய்கறி லோடு புழுங்கிப் போகாமல் இருக்க அப்பா விடுகிற அதே காற்று மடிப்பு. சாமான் என்று நினைத்தவன் மூச்சுக்கு இடம் விட மாட்டான். உன்னைக் காப்பாற்ற நான் தேடிப் பிடித்த பொய்யை உன் நல்ல மனசே கெடுத்துவிட்டது. தெரிந்துதான் கட்டியிருக்கிறாய், இரக்கத்தோடு கட்டியிருக்கிறாய், கட்டி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாய். இரக்கம் இல்லாதவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கசக்காது.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை, இழுத்த கயிறு என் பையில் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். ஷெட்டில் யார் கேட்டாலும் என் பையனும் கயிறுதான் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த மனுஷன். வீடு முழுக்க நடந்தார், துணிக்கொடி, பரணில் இருக்கும் பெட்டி, ஜன்னல் திரை, எங்கெல்லாம் ஜடை முடிச்சு இருந்ததோ எல்லாவற்றையும் அவிழ்த்துச் சாதாரண முடிச்சுப் போட்டார். கொடி இப்போது தொய்ந்து கிடக்கிறது, ஈரத்துணி தரையைத் தொடுகிறது, தூக்கிக் கட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அப்பா என் தலையில் கை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.) கடைக்காரரோ மறுநாளே அந்த வண்டி தவறான முகவரிக்கு வந்தது என்று சொல்லிவிட்டார். போட்டோ போதாதாம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வாய் திறந்து சொன்னால்தான் ஆகுமாம். அந்த ஒரு ஆளுக்கு எங்கே போவது என்று டாக்டரம்மா கவலைப்பட்டுக்கொண்டே என் கையில் மருந்து வைத்துக் கட்டினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நீ அலைந்தது தெரியும், உடனே விட்டுவிடு என்று உட்கார்ந்த இடத்தில் சொல்வது சுலபம் என்றும் தெரியும். அதனால் உபதேசம் ஒன்றும் இல்லை. விசாரணையில் நான் பேசத்தான் போகிறேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள், என் மகன்தான் கட்டி அனுப்புகிறான் என்பேன். இன்னொரு முறை கை பட்டு அவிழ்ந்தது என்று சொல்ல என்னால் ஆகாது. நீ பக்கத்தில் வந்து நின்று சொன்னால் அது சாட்சி. நீ வராமல் நான் மட்டும் சொன்னால் அது பெற்றவளே காட்டிக்கொடுத்தது. இரண்டில் எதுவாக வேண்டும் என்பதை உன்னிடம் விட்டுவிட்டேன்.

வருவதாக இருந்தால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, உனக்குக் காது வலி வரும். வராவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் உன் கை கால் சுகமாக இருக்கட்டும், ராத்திரி படுத்தால் உனக்குத் தூக்கம் வரட்டும், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் இப்போது எனக்கு வாயில் வரவில்லை. கயிற்றை இதோடு சேர்த்துப் பொட்டலமாக அனுப்புகிறேன். முடிச்சுதான் அவிழ்ந்தது, ஜடையை நான் பிரிக்கவில்லை, பின்னியவன் நீ, நீயே பிரித்துக்கொள். கையெழுத்து இடது கையால் போட்டது, கோணலாகத்தான் இருக்கும், என்னுடையதுதான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா

(அண்ணா, ஒட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு அடைப்புக்குறி, இது அம்மாவுக்குத் தெரியாது. பொட்டலம் கட்டும்போது கயிறு கை தவறி அந்த நாய் முன்னால் விழுந்தது. மோந்து பார்த்தது. திரும்பத் திரும்ப, நீ ஜடை பின்னிய இடத்தை மட்டும் மோந்தது. அப்புறம் வாலை ஆட்டியது. நான் கயிற்றை எடுத்துப் பொட்டலத்தில் வைத்த பிறகும் வாசலைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தது.)