கிளட்ச் கால்

மார்ச் 6

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். இந்த முறை அம்மா நலம்.

பயப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால், போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்பாய். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. பதிலும் கடிதத்திலேயே எழுது, அப்போதுதான் நானும் குறுக்கே பேச மாட்டேன்.

போன மாதம் டிப்போவில் டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. கண், காது, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்தார்கள். எனக்குக் கொழுப்பு நானூற்றுப் பதினெட்டு. இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம். என் வண்டிக் கண்டக்டர் பரிசோதனைச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வண்டியில நாற்பதைத் தாண்டாத மனுஷன், ரத்தத்துல நானூறைத் தாண்டியிருக்கீங்களே" என்றார். டிப்போவிலேயே நான்தான் முதல். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் முதலாக வராதவன் என்பதால், உண்மையைச் சொன்னால், அரை நாள் பெருமையாகக்கூட இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் என் தொப்பையைப் பார்ப்பார் என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். நம் வீட்டில் கிளட்ச் கால் என்போமே, அதேதான்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"அது உழைச்ச கால் சார். முப்பது வருஷமா கிளட்ச் மிதிச்சு வந்தது. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு, அவரும் டிரைவர்தான்."

"கிளட்ச் இடது கால். வலது காலிலும் இருக்கே?"

"அது பிரேக் சார்."

அவர் சிரிக்கவில்லை. அது உழைப்பில்லையாம். ரத்தத்தில் மிஞ்சிப்போன கொழுப்பு நரம்பில் படிந்த கட்டியாம். சாப்பாட்டால் வந்ததும் இல்லை, பிறவியிலேயே வருவது. "அப்பா எந்த வயசுல போனார்?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்ததையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தினம் இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். உன் அம்மா எண்ணெய் டின்னைப் பரண் மேல் ஏற்றிவிட்டாள். "என் சமையலால வரலையாம், அவங்க பரம்பரையாம்" என்று தெரு முழுக்க அறிவித்தும் விட்டாள்.

விஷயம் இதுதான். பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு உண்டாம். வெறும் வயிற்றில் போய் ஒரு ஊசி ரத்தம் கொடு. வேறொன்றும் கேட்கவில்லை.

உன் அப்பன்

மார்ச் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம். எழுத்துகூட நாற்பதில்தான் போகிறது.

மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள். டீயோடு நீங்கள் தின்னும் பிஸ்கட் பற்றியும் அம்மாவிடம் போனில் பேசிவிட்டேன், மன்னிக்கவும்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். எண்ணெயில் பொரித்ததைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் நாலு மாடியையும் லிப்ட் இல்லாமல் ஏறுகிற ஒரே ஆள் நான்தான். கொழுப்பு எங்கே வந்து உட்காரும் சொல்லுங்கள்.

ஆதாரம் வேண்டும் என்பீர்கள். போன ஞாயிறு நீண்ட ஓட்டப் பந்தயத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டபோது எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். பின்னாலிருந்து எடுத்தது, முகம் தெரியாது. முதுகில் 2207 என்று இருப்பவன் உங்கள் மகன்.

அன்புடன்,
மகன்

மார்ச் 25

அன்பு மகனுக்கு,

படம் வந்தது. கண்ணாடி போட்டு அலமாரி மேல் வைத்தோம். பக்கத்து வீட்டுத் தையல்காரர், பால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். "முதுகைக் காட்டி என் புள்ளங்கறீங்களே, எப்படி நம்புறது?" என்று தையல்காரர் கேட்டார். அந்தக் காதைப் பாருங்கள், அது எங்கள் வீட்டுக் காது என்றேன்.

நேற்று அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது காதைத் தாண்டிக் கீழேயும் பார்த்தேன்.

தம்பி, உன் வலது கால் பின்னால் தூக்கியிருக்கிறது. குட்டை சாக்ஸ். குதிகாலுக்கு மேலே புடைத்திருக்கிறது. வெயில் பட்டு நிழல்கூட விழுந்திருக்கிறது. பக்கத்தில் ஓடுகிறவன் காலையும் பார்த்தேன், பின்னால் வருகிறவள் காலையும் பார்த்தேன். அவர்களுக்கெல்லாம் நேராக இருக்கிறது.

எனக்குக் கிளட்ச் மிதித்து வந்தது என்று முப்பது வருடம் ஊரை ஏமாற்றினேன். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவன். உன்னிடம் இருப்பது கிளட்ச் இல்லாத கார். உனக்கு எங்கிருந்து வந்தது?

ஓடி வந்த வீக்கம் என்று சொல்வாய். இருக்கலாம், நான் எட்டாவதைத் தாண்டாதவன், டாக்டர் இல்லை. இப்போதே உட்கார்ந்து இரண்டு விரலால் பிடித்துப் பார். பிறகு ரத்தம் கொடு.

உன் அப்பன்

ஏப்ரல் 4

அப்பா,

பிடித்துப் பார்த்தேன். இருக்கிறது. ரத்தம் கொடுக்க மாட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். உங்களுக்கு நாற்பத்து மூன்று வயது நடந்தபோது எனக்குப் பதினெட்டு. அந்த வருடம்தான் அம்மாவுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தீர்கள். "பழகிக்கோ, எப்பவும் நானே கொண்டுபோய் விட முடியுமா" என்றீர்கள். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என்னிடம் மூன்று முறை காட்டினீர்கள். ஒவ்வொரு நாளும் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிடம் சும்மா நின்றீர்கள். நாற்பத்து நாலாவது பிறந்தநாளன்று ஒரு கிலோ இனிப்பு வாங்கி வந்தீர்கள். அதுவரை உங்கள் பிறந்தநாள் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அம்மாவுக்கும் எனக்கும் எல்லாம் புரிந்தது. புரியாதது போல இருந்தோம்.

அப்படி ஒரு வருடம் எனக்கு வேண்டாம் அப்பா. அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அன்றிலிருந்து நானும் நாற்பத்து மூன்றை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவேன். தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஓட விடுங்கள்.

மகன்

ஏப்ரல் 12

அன்பு மகனுக்கு,

யாருக்கும் தெரியாமல் செய்தேன் என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடிக்க வரும் என்பதிலும் ஒரு பெருமை இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டாய், சரி.

வாசலில் நின்றது உண்மை. உன் சத்தம் உள்ளேயிருந்து கேட்கும், அதைக் கேட்டுவிட்டுப் போவேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு என் ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் நாட்காட்டியை மட்டும்தான். அப்பா போன வயது வந்ததும் நானும் போவேன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என்ன ஏது என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே மாத்திரை கிடைத்திருக்கும், நீயும் நிம்மதியாகப் படித்திருப்பாய். அந்த வருடத்தை உனக்குக் கொடுத்தது வியாதி இல்லை, உன் அப்பனின் முட்டாள்தனம். அதைப் போய்ப் பரம்பரையாக வாங்கிக்கொள்ளாதே.

நேற்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நானூற்றுப் பதினெட்டு இருநூற்றுப் பதினான்காகி இருக்கிறது. இரண்டு மாதம், இரண்டு மாத்திரை. டாக்டருக்கு இன்னும் திருப்தி இல்லை, இன்னும் இறக்க வேண்டுமாம். தேவைப்பட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி இருக்கிறதாம். "எனக்கு எப்படி சார் இவ்வளவு நாள் ஓடுச்சு?" என்று கேட்டேன். சிகரெட் இல்லாததும் அதிர்ஷ்டமும் என்றார். உன் தாத்தா ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பற்றவைக்கிறவர்.

காலையில் வண்டி எடுக்கும் முன் காற்றழுத்த மீட்டரைப் பார்ப்பேன். முள் குறைவாக இருந்தால் பிரேக் பிடிக்காது, வண்டி வெளியே போகாது. மீட்டர் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்புகிறவனை டிரைவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சரி.

கோபித்துக்கொள். ஆனால் ரத்தம் கொடு.

உன் அப்பன்

மே 9

அன்பு மகனுக்கு,

நாலு வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். "அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்கிறாள். பண்ணவில்லை. முட்டி வலி இல்லாமல் ஓடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

பிஸ்கட்டை விட்டுவிட்டேன். நிஜமாக.

அப்பன்

மே 21

அன்புள்ள அப்பாவுக்கு,

முன்னூற்று எழுபத்தொன்று.

உங்கள் சாதனையை முறியடிக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மூன்று வாரம் ஓடிப் பார்த்தேன். எவ்வளவு தூரம் போனாலும் அந்த மீட்டர் துணி கூடவே வந்தது. ஒரு திங்கட்கிழமை ஓடுவதற்குப் பதிலாக நேரே போய்க் கையை நீட்டினேன். பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினேன்.

முடிவு வந்ததும் இதய டாக்டரிடம் போனேன். அந்த அம்மா என் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உங்களை அனுப்பினது எந்த டாக்டர்?"

"டாக்டர் இல்ல மேடம். எங்கப்பா."

"அவர் என்ன பண்றார்?"

"பஸ் ஓட்டுறார். போட்டோல பார்த்தார்."

"போட்டோலயா? எங்க, காட்டுங்க."

போனில் படம் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பயிற்சியில் இருந்த இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டு, "இதுல என்ன தெரியுது?" என்றார். ஒருவர் "நல்லா ஓடுறார்" என்றார். இன்னொருவருக்குச் சட்டை எண் தெரிந்தது. "இவங்கப்பாவுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே" என்று அவர்களைச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டார்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன அப்பா. "நிறையப் பேரை எங்ககிட்ட தூக்கிட்டுத்தான் வர்றாங்க. நீங்க நடந்து வந்திருக்கீங்க" என்றார். எப்போது மறுபடி ஓடலாம் என்று கேட்டேன். "இன்னைக்கு சாயங்காலம். மாத்திரையைப் போட்டுட்டு ஓடுங்க" என்றார்.

பதிவுச் சீட்டில் 'அனுப்பிய மருத்துவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. வரவேற்பில் நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். அந்த அம்மா பேனாவை எடுத்து அதில் 'தந்தை, பேருந்து ஓட்டுநர்' என்று எழுதினார். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை முகம் தெரியாத படம் இல்லை, நீங்கள் யார் என்று எழுத்திலேயே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகன்

மே 29

அன்பு மகனுக்கு,

சீட்டு நான்கு நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது. வண்டி ஓட்டும்போது யாரிடமும் காட்டவில்லை, விதிமுறைக்கு விரோதம். கண்டக்டரிடம் மட்டும் காட்டினேன். அவர் பின்படிக்கட்டு வரை எல்லாப் பயணிகளிடமும் காட்டிவிட்டு வந்தார். ஒரு பாட்டி டிரைவர் சீட் வரை வந்து முட்டி வலிக்கு மாத்திரை கேட்டார்.

ஆளாளுக்கு என்னைப் பாராட்டுகிறார்கள். நான் செய்தது ஒரு போட்டோவைத் துடைத்தது. பயந்துகொண்டே போய்க் கையை நீட்டியவன் நீ. எனக்கு அந்தத் துணிச்சல் உன் வயதில் வரவில்லை, நாற்பத்து மூன்றிலும் வரவில்லை. டிப்போ ஓய்வறையில் இதை அப்படியே எழுந்து நின்று சொன்னேன். பரிசோதனை நாளன்று லீவு போட்டு நழுவியவர்கள் பதினோரு பேர் அங்கே இருந்தார்கள். சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து, "அண்ணே, வெறும் வயித்துல போகணுமா, டீ குடிக்கலாமா?" என்று காதோடு கேட்டார்கள்.

இன்று காலை பதினோரு பேரும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க டிப்போ வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் அவர்களைக் கூட்டிவந்த நம் கண்டக்டர். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவர், என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று கூப்பிடுகிறார். போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும், நிறுத்துகிறேன்.

2207-இன் அப்பன்