பதினாறு சனிக்கிழமை

முருகன் துணை

தி. நகர், சென்னை-17
18-5-1971

தம்பி ஜவஹருக்கு அக்காள் தங்கபுஷ்பம் எழுதிக்கொண்டது.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போனவர்கள்: நான், உன் அத்தான், பெரியவன் கருணாகரன், சின்னவள் தெய்வானை, கண் ஆபரேஷனுக்காகத் திருச்செந்தூரிலிருந்து வந்திருக்கும் உன் அத்தானின் அக்காள் இசக்கியம்மாள் மதினி. ஆக ஐந்து பேர். நீ மைசூரில் ஷூட்டிங்கில் இருந்தாய். ஆனாலும் அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் காரணம் நீதான். அக்காள் இல்லாததை எல்லாம் சொல்கிறாள் என்று நீ பிறகு பேசக் கூடாது என்பதற்காகத்தான் சாட்சிகளை முதலில் எழுதிவிட்டேன்.

சுகம் விசாரிக்க மனசில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய்.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டோம். கருணாகரன் குதிரை ஏற வேண்டும் என்று அடம் பிடித்தான். குதிரைக்காரன் கயிற்றைப் பிடித்து நடத்த, இவன் சேணத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடியபடியே போய்விட்டு வந்தான். பதின்மூன்று வயசுப் பையன். முதல் தடவை ஏறுகிறவன் அப்படித்தான் ஏறுவான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்து தெய்வானை. பத்து வயசுப் பிள்ளை, பயந்து என் முந்தானைக்குள் வந்து ஒளிவாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டாள். நேராகக் குதிரைக்கு முன்னால் போய் உள்ளங்கையை அதன் மூக்கருகே நீட்டினாள். அது மோந்து பார்த்தது. கழுத்தில் இரண்டு தட்டு தட்டினாள். அப்புறம் குனிந்து அதன் வயிற்றுக்கு அடியில் பார்த்து, அண்ணே, வார் தளர்ந்து கிடக்கு, இழுத்துக் கட்டுங்க என்றாள். குதிரைக்காரன் என்னைப் பார்த்தான். நான் உன் அத்தானைப் பார்த்தேன். தூக்கிவிட வந்தவனை ஒதுக்கிவிட்டு, இடது காலைச் சேணத்து வளையத்தில் வைத்து ஒரே எம்பு. பாவாடையை எப்போது சுருட்டிச் செருகினாள் என்றே தெரியவில்லை, அவ்வளவு வேகம். கயிற்றை விடுங்க என்றாள். அந்தப் பாவியும் விட்டான்.

தண்ணீர் ஓரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். அலை குதிரையின் காலை நனைக்கிற இடத்தில் நின்று, திருப்பி, வந்தாள். முதுகு நட்டு வைத்த கம்பு மாதிரி. எங்கள் நாலு பேரில் ஒருத்தரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவளுக்கு அப்படி ஒரு முகம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண் மங்கலான மதினிக்கே தெரிந்து, இது யாரு நம்ம பிள்ளையா என்று கேட்டார்கள்.

உன் அத்தான் கை தட்டினார். குதிரைக்காரன் என் பக்கம் வந்து, இன்னாம்மா, பாப்பா வடபழனி பாஷா பாயாண்ட கத்துக்கினு கீதா, இப்படி நிமுந்து குந்தறது அவரு கத்துக் குடுத்த புள்ளைங்கதான் என்றான். நாங்க பாத்திரக் கடைப்பா, எங்க வீட்டில யாரும் குதிரை ஓட்டுறதில்லை என்று உன் அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வடபழனி என்று காதில் விழுந்ததுமே தெய்வானையைத் திரும்பிப் பார்த்தேன்.

உனக்குத் தெரியாததா? தை மாசம் பிறந்து பத்து நாளில், அக்கா, பிள்ளையை வாராவாரம் வடபழனி முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வந்து நின்றாய். கோயில் வாசல் மிதிக்காத தம்பிக்குப் புத்தி வந்ததே என்று நான் சஷ்டி கவசம் சொல்லி அழுதேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் என்பதால் சனிக்கிழமை போதும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூஜைச் சாமான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சென்ற எட்டாம் தேதி வரை பதினாறு சனிக்கிழமை. பதினாறு தேங்காய், பதினாறு சீப்பு வாழைப்பழம், பதினாறு முழம் கதம்பம். அத்தனையும் முருகனுக்கு என்று என் கையால் பையில் போட்டுக் கொடுத்தவை. நீ மைசூருக்குப் போனதால் ஒரு சனிக்கிழமை தப்பியது. அந்த ஒரு வாரத்தை அவளால் தாங்க முடியவில்லை. இல்லையென்றால் கடற்கரையிலும் என் முன்னால் பயந்த மாதிரி நடித்திருப்பாள்.

நேற்று அவளையும் அழைத்துக்கொண்டு வடபழனிக்குப் போனேன். கோயிலுக்குத் திரும்புகிற இடம் வந்ததும் அவள் கால் தானாக எதிர்ப்பக்கத் தெருவுக்குத் திரும்பியது. நான் ஒன்றும் கேட்காமல் பின்னாலேயே நடந்தேன்.

மெஹபூப் பாஷா பாய் பெரிய மனுஷர். ஸ்டூடியோக்களுக்குக் குதிரை கொடுக்கிறவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வாங்க தங்கச்சி, நீங்க அனுப்புற பழத்தைத் தின்னு தின்னு எங்க சுல்தான் வேற யார் கொடுத்தாலும் வாங்க மாட்டேங்குது என்றார். சுல்தான் என்றால் யார் என்று கேட்டேன். கொட்டடியில் நின்ற வெள்ளைக் குதிரையைக் காட்டினார்.

ஜவஹர், முருகனுக்குக் கொடுத்த பழம்! தேங்காயை எங்கே உடைத்தாய்? கொட்டடி வாசல் கல்லில். அந்த மூடியைத்தான் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு நான் துவையல் அரைத்தேன், மாடி வீட்டுக்காரர்களுக்கும் கிண்ணத்தில் கொடுத்தேன். விபூதியோ பஸ் டெப்போவுக்கு எதிர்க் கடையில் வாங்கின பொட்டலம். அதை அவள் வந்து என் நெற்றியில் பூசுவாள், நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். அம்மனுக்குக்கூடக் குதிரை வாகனம் உண்டு அக்கா என்று வேடிக்கை பேசி எழுதிவிடாதே. அந்தக் கடிதத்தை அடுப்பில் போடுவேன்.

பாஷா பாயின் வீட்டுக்காரி கைசர் ஜஹான் கையில் சீப்போடு வந்தாள். தெய்வானையைப் பார்த்ததும் வாஞ்சையாகக் கூப்பிட்டாள். விசாரித்தேன். குதிரை ஏறி இறங்கினால் தலை கலைந்துவிடுமாம். அம்மா பின்னின மாதிரியே பின்னிவிடுங்க என்று பிள்ளை கேட்குமாம். வாராவாரம் அவள்தான் பிரித்துப் பின்னி அனுப்பியிருக்கிறாள். பின்னல் கலையாமல் வருகிறாளே, கோயிலில் எவ்வளவு அடக்கமாக இருந்திருப்பாள் என்று நான் பூரித்துப்போனவள். அந்த அம்மாளைக் கோபிக்க முடியுமா? எனக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று அவர்கள் இரண்டு பேரும் நம்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்றதும் பாஷா பாய் தலையில் கை வைத்துவிட்டார். தாய்க்குத் தெரியாம பிள்ளையை ஏத்தினேன்னா எனக்கு மன்னிப்பு ஏது தங்கச்சி, இனிமே நீங்க கூட வந்தாத்தான் கொட்டடிக் கதவைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டார். படிப்பில்லாத அந்த மனுஷருக்கு இருக்கிற நாணயம் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த உனக்கு இல்லை. நான் உன்னை இடுப்பில் சுமந்ததால் பள்ளிக்கூடம் போகாதவள், உன் சிலேட்டைப் பார்த்து எழுத்துப் படித்தவள். என்னை ஏமாற்றுவது சுலபம் என்று நினைத்துவிட்டாய்.

எதற்காக என்பதையும் அவரே சொன்னார். உங்கள் கம்பெனி எடுக்கப் போகும் ராஜா கதையில் குட்டி இளவரசன் வேஷமாம். பெண் பிள்ளைக்குக் கிராப் வெட்டி ஆணாக்கிக் குதிரையில் ஏற்றுவீர்களாம். நீ மைசூரிலிருந்து வந்ததும் கம்பெனியில் கொண்டுபோய்க் காட்டுவதாக இருந்தாயாம். நடக்காது. அவள் தலையில் கத்தரி பட்டால் என் வீட்டுப் படி ஏறாதே. உன் அத்தானிடம் சொன்னேன். நல்ல படமா இருந்தா நாமளும் பார்ப்போமே என்கிறார். மதினி, இந்தப் பிள்ளையை எவன் கட்டுவான் என்று ஊருக்குக் கார்டு எழுதச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கண் தெரியாததால் எழுத வேண்டியது நான். இன்னும் எழுதவில்லை.

இதெல்லாம் போகட்டும். சினிமாவை நான் தடுத்துவிடுவேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

கிளம்பும்போது பாஷா பாய் ஒரு வார்த்தை சொன்னார். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லலாம், அம்மா அதுக்கு மட்டும் எதிர்க்கேள்வி கேட்காது என்று யோசனை சொன்னதே பாப்பாதான் என்று நீ அவரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாயாமே? பஸ்ஸில் வரும்போது அவளைக் கேட்டேன். மாமாதான் சொல்லச் சொன்னாங்க என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். ஏன் என்னிடம் மறைத்தாய் என்றேன். சொன்னா விட்டிருப்பியா என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. போடுவதைச் சாப்பிடுகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள். இன்று காலை தலை பின்னக் கூப்பிட்டேன், வந்து உட்கார்ந்தாள். பின்னலைப் பிரித்துவிட்டேன். மறுபடி பின்னக் கை வரவில்லை.

உன் பொய் என்றால் எனக்குப் புதிசில்லை. நாலு நாள் திட்டுவேன், ஐந்தாம் நாள் சோறு போடுவேன். அவளுடைய பொய் என்றால், பதினாறு வாரம் நெற்றிக்கு நெற்றி என் எதிரில் நின்ற பிள்ளையை இனி எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முருகன் உன்னை நல்லபடி வைக்கட்டும் என்று எழுத மனசு வரவில்லை. எழுதாமல் விடவும் வரவில்லை.

யார் முதலில் சொன்னது என்று எழுது. நீதான் என்றால், அவளும் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுது. நீ இல்லை என்றாலும் என்ன எழுத வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு.

அக்காள்
சு. தங்கபுஷ்பம்