எண்ணப்பட்ட கை

மச்சான்,

காலையில் மருமகள் என் கம்பளிச் சட்டையைத் துவைத்துக் கயிற்றில் போட்டாள். லிந்துலைக் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டையின் ஒரு கை மட்டும் எழும்பி நின்றது, சட்டென்று விழுந்தது, மறுபடி எழும்பியது. நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோனாள்.

"என்னங்க மாமா, தனியா சிரிக்கிறீங்க?"

"என் கூட்டாளி வோட்டுப் போடுறான், பாரு" என்றேன்.

உன் கையும் அப்படித்தான் விழும். நோவு கண்டபோது முதலில் முகம் ஊதியது. பிறகு சோறு பிடிக்கவில்லை. உன் அறையில் படுத்தால் கால் இரண்டும் ஓரிடத்தில் நிற்காது. "காம்பராவுக்குள்ளயே நடந்து கதிர்காமம் போயிட்டு வந்துட்டேன்டா" என்பாய். அதற்குப் பிறகுதான் கை. தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினால் பாதியில் கை விட்டுவிடும்; தேத்தண்ணி என் மடியில். "கோழி றெக்கை அடிக்குது" என்று வரிசை வீட்டு லயம் முழுக்கப் பரப்பியவன் நான்தான். நீ கோபப்படவில்லை. அடுத்த கோப்பைக்கும் என் மடியையே குறி பார்த்தாய்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர், பஸ்ஸை மறிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். "ஹட்டன் பஸ்ஸுங்களா, தலவாக்கல பஸ்ஸுங்களா?" என்று கேட்டாய். நீட்டிய கைகள் படபடத்தன. அவர் சிரிக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன, வெளியே போகவேண்டிய நஞ்சு ரத்தத்தில் தங்கி மூளையைக் குழப்புகிறது, அதனால்தான் கை நழுவுகிறது, இதற்கு மேல் தன்னிடம் மருந்தில்லை என்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோகத்தான் என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, தோட்டத்து லொறியைக் கேட்டுப் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரையோடு சத்தம் போட்டிருந்தாள். லொறி கிடைத்தது. பின்னாலேயே அவளுக்கு ஆளை நிறுத்துகிற பற்றுச்சீட்டும் கிடைத்தது. வேலை போச்சு, தோட்டம் கொடுத்த காம்பராவையும் காலி செய்யவேண்டும். சாகக் கிடக்கிற உன்னை அவள் எங்கே தூக்கிப்போவாள்?

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சங்கக் கூட்டம் போட்டார்கள். அவளுக்காக வேலையை நிறுத்துவதா, வேண்டாமா? தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமை இல்லையென்று சர்க்கார் நாட்டு வோட்டை நம்மிடமிருந்து பிடுங்கி வருஷங்கள் ஆகியிருந்தன. நமக்கு மிச்சமிருந்த வோட்டு அந்த மடுவத்தில் தூக்குகிற கைதான். தலைவர் எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். அப்போதுதான் உன்னை முதுகில் சுமந்துகொண்டு நான் உள்ளே வந்தேன்.

நீ கையைத் தூக்கினாய். விழுந்தது. தூக்கினாய். விழுந்தது.

துரைக்காகப் பரிந்து பேசுகிற கங்காணி கத்தினார்: "எறங்குன கை செல்லாது! வோட்டுப் போடுறானா, ஈ ஓட்டுறானா?"

கூட்டம் சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உன் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தப் போனேன்.

"விட்றா! நீ தூக்குனா அது ஒன் வோட்டு."

பிறகு கங்காணியைப் பார்த்தாய். "எறக்குறது நோவுங்க. ஏத்துறது நானு. எத எண்ணப் போறீங்க?"

"ஏறுன தடவைக்கெல்லாம் ஒரு வோட்டுன்னு எண்ணுங்க தலைவரே" என்றேன் நான். "கங்காணி பக்கம் தாங்குதான்னு பாப்போம்!"

இப்போது சிரிப்பு நம் பக்கம் வந்தது. தலைவர் உன் கையை எண்ணிக்கொண்டார். "எண்ணியாச்சுண்ணே, எறக்குங்க" என்றார். நீ இறக்கவில்லை.

மறுநாள் மலையில் ஒருவரும் கூடை கட்டவில்லை. கொழுந்து முற்றத் தொடங்கியதும் துரை பற்றுச்சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நீ உன் காம்பராவில், தங்கச்சி பக்கத்தில் இருக்கச் செத்தாய். டாக்டர் சொன்னது சரிதான். கங்காணி சொன்னதுதான் பிழை.

இப்போது என் கையும் நடுங்குகிறது. நோவில்லை, கிழடு. கோயில் கமிட்டியில் எதற்கு வோட்டு என்றே பாதி நேரம் காதில் விழுவதில்லை. ஆனாலும் முதல் கை என்னுடையது. போன கூட்டத்தில் செயலாளர் இரக்கப்பட்டு என் முழங்கையைத் தாங்க வந்தார். அன்றைக்கு நீ என்னைத் திட்டிய அதே வார்த்தையால் அவரைத் திட்டி அனுப்பினேன்.

இதோ, மருமகள் கிளிப்பை எடுத்துக்கொண்டு வருகிறாள், சட்டைக் கையை இறுக்கிவைக்க.

"விடும்மா" என்கிறேன். "அது அவன் வோட்டு."